சிங்கப்பூரில் கார் இல்லாமல் எப்படி? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடங்களாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. ஊருக்குப் போகும்போது உறவினர்களும், இங்கே புதிதாக வேலைக்கு வந்து இறங்கும் தம்பிகளும் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப் போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பணக் கணக்கு முழுவதும் சிங்கப்பூர் வெள்ளியில்.

"இத்தனை வருஷமா சிங்கப்பூர்ல இருக்க, இன்னும் ஒரு காரு வாங்கலையா மாப்ள?"

பெரிய மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பது. நம் ஊரில் வெளிநாட்டில் சம்பாதிப்பதற்கு அடையாளம் கார். இங்கே சுமார் மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களிடம்தான் கார் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் வசதி இல்லாதவர்கள் என்று அர்த்தமில்லை. என் அலுவலகத்தில் மேலாளரும் நானும் ஒரே ரயிலில்தான் போகிறோம்.

காரணம் எளிது. இங்கே காரின் விலையைவிடக் காரை வைத்துக்கொள்ளும் உரிமையின் விலை அதிகமாகிவிடுவது உண்டு. அந்த உரிமைச் சீட்டுக்குப் பெயர் சிஓஇ. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ மட்டும் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அந்தக் காகிதத்துக்குச் சக்கரம் கிடையாது. வண்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

"அது என்ன சிஓஇ? வண்டிக்கு வரியா?"

வரி அல்ல, ஏலம். சாலையில் எத்தனை வண்டிகள் ஓடலாம் என்று அரசு முதலில் முடிவு செய்கிறது. அதற்குத் தக்கபடி சீட்டுகளை மாதம் இரண்டு முறை ஏலத்தில் விடுகிறது. 1990 மே மாதம் தொடங்கிய முறை. சீட்டின் ஆயுள் 10 வருடம். அதன்பிறகு வண்டியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும், அல்லது அன்றைய நிலவரப்படி மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். அதாவது, பொதுவாகப் பார்த்தால் ஒரு பழைய வண்டி போனால்தான் ஒரு புது வண்டிக்கு இடம்.

வரியும் தனியாக உண்டு. சுங்க வரி, பதிவுக் கட்டணம், அதற்கு மேல் காரின் இறக்குமதி மதிப்பைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும் கூடுதல் பதிவுக் கட்டணம். விலை உயர்ந்த கார்களுக்கு 2023லிருந்து அதன் உச்ச விகிதம் 320 சதவீதம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், இடமில்லை. சுமார் 60 லட்சம் பேர் வாழும் தீவில், நிலத்தில் 12 சதவீதத்தைச் சாலைகளே எடுத்துக்கொண்டுவிட்டன. வீடுகளுக்கு இருப்பது 14 சதவீதம். இனி ஒரு சாலையை அகலப்படுத்தினால் அது யாருடைய வீட்டுக்கோ பூங்காவுக்கோ ஆன இடம்.

"சரி, காரு வேண்டாம். ஒரு பைக்கு வாங்கிக்கலாம்ல?"

அதற்கும் சிஓஇ உண்டு, அதுவும் 10,000 வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. சின்ன பைக் ஒன்றின் விலையைவிட அதன் சீட்டு விலை அதிகம். காலையில் உட்லண்ட்ஸ் பாலத்தில் வெள்ளமாக வரும் பைக்குகள் ஜொகூரிலிருந்து வேலைக்கு வருபவர்களுடையவை, மலேசியப் பதிவு.

"காசு இருக்கறவன் வாங்கிடுறான். வாங்கினப்புறம் இஷ்டத்துக்கு ஓட்டலாம்தானே?"

ஓட்டலாம், ஆனால் ஓட்ட ஓட்டப் பணம். நெரிசலான சாலைகளில் நெரிசலான நேரத்தில் போனால் இஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணம் தானாகக் கழியும். 1998லிருந்து நடப்பில் இருக்கிறது. கட்டணம் நேரத்துக்கு நேரம், இடத்துக்கு இடம் மாறும். விரைவுச்சாலையில் வண்டிகள் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகத்திலும், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்திலும் நகர்கின்றனவா என்று அளந்து பார்த்துக் கட்டணத்தை ஏற்றி இறக்குகிறார்கள். கொரோனா சமயம் சாலை காலியானதும், 2020 ஏப்ரலில் கட்டணம் வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். நெரிசல் இல்லையா, கட்டணமும் இல்லை.

பெட்ரோல் மலேசியாவில் மலிவாயிற்றே, அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாமே என்று ஒரு தம்பி கேட்டான். அதையும் யோசித்துவிட்டார்கள். சிங்கப்பூர்ப் பதிவு வண்டி எல்லையைத் தாண்டும்போது டாங்கில் முக்கால்வாசி எரிபொருள் இருந்தாக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சிஓஇக்கு லட்சம் கொட்டியவன் வண்டியை வீட்டில் நிறுத்தி வைத்து அழகு பார்ப்பானா? "கொடுத்த காசுக்கு ஓட்டியே தீருவேன்" என்றுதான் நினைப்பான். சீட்டு முறை வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், ஓட்டத்தைக் குறைக்காது. அதனால்தான் சிஓஇ, இஆர்பி இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

"நடந்தே போவீங்களா? அந்த வெயில்லயும் மழையிலயுமா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதில் ஒரே சொல்: கூரை.

என் புளோக்கின் கீழ்த்தளத்தில் வீடுகள் கிடையாது, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த வெளி. வீவக என்ற அரசு வீட்டு வாரியம் கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றிலும் இப்படித்தான். கல்யாணம், சாவு, தாத்தாக்களின் சதுரங்கம் எல்லாம் அங்கே நடக்கும். அந்தத் தளத்தைக் கடந்தால் கூரை போட்ட நடைபாதை, அது முடியும் இடத்தில் பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளம், அங்கிருந்து மறுபடி கூரை, பேருந்து நிறுத்தம், எம்ஆர்டி என்ற நகர ரயிலின் நிலையம். நவம்பர், டிசம்பர் மழையில் குடையை மறந்துவிட்டு வேலைக்குப் போய் நனையாமல் திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு.

இது தானாக அமைந்ததல்ல. 2013ல் ஒரு திட்டம் போட்டு, எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் சுற்றளவில் உள்ள பள்ளி, மருந்தகம், குடியிருப்பு எல்லாவற்றையும் கூரை நடைபாதையால் இணைத்தார்கள். 2018க்குள் அப்படி 200 கிலோமீட்டருக்கும் மேல் போட்டு முடித்தார்கள்.

யோசனை இன்னும் பழையது. 1822ல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோதே, கடைவீடுகளின் முன்னால் மூடிய நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டார். நம்மவர்கள் கூடும் லிட்டில் இந்தியாவான தேக்காவில் பூக்கட்டும் கடைகளையும் மளிகைக் கடைகளையும் ஒட்டி நாம் நடக்கும் ஐந்தடி வழி அந்த விதியின் மிச்சம்தான். நம் ஊர்த் திண்ணையைத் தெரு நீளத்துக்கு இழுத்துவிட்ட மாதிரி.

"எங்கம்மாவுக்கு மூட்டு வலி. ரோட்டைத் தாண்டவே பத்து நிமிஷம் ஆகும். அங்க வந்தா என்ன பண்றது?"

அவசரப்படாமல் கடக்கலாம். 2009லிருந்து பல சிக்னல்களில் ஒரு வசதி இருக்கிறது. முதியோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால், பச்சை மனிதன் கூடுதலாகச் சில விநாடிகள் நிற்பான், சாலையின் அகலத்தைப் பொறுத்து 13 விநாடி வரை. அட்டை இங்கே வசிப்பவர்களுக்குத்தான். பார்க்க வரும் அம்மாவுக்குக் கிடைக்காது. அவருக்கு நடைமேம்பாலங்களில் மின்தூக்கி இருக்கிறது, நிலையங்களுக்கு அருகிலுள்ளவற்றில் அநேகமாக.

முதியோர் அதிகம் இருக்கும் பகுதிகளில் 2014லிருந்து சாலையையே மாற்றிக் கட்டுகிறார்கள். தடத்தைக் குறுக்கி, வளைத்து, நடுவில் நின்று மூச்சு வாங்கத் திட்டு வைத்து, வேக வரம்பையும் குறைக்கிறார்கள். பலகை வைத்து "மெதுவாகச் செல்லவும்" என்று கெஞ்சுவதைவிட, வேகமாகப் போகவே முடியாதபடி சாலையைக் கட்டுவது பலன் தருகிறது. ஒரே எச்சரிக்கை: கடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்துகொண்டு குறுக்கே ஓடினால் அபராதம். அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்டு, ட்ரெயினுக்கு ஒரு டிக்கெட்டா? மாறி மாறிப் போனா செலவாகுமே?"

ஆகாது. 2010 ஜூலையிலிருந்து கட்டணம் மொத்தத் தூரத்துக்குத்தான். வீட்டிலிருந்து பேருந்து, பிறகு ரயில், பிறகு இன்னொரு பேருந்து என்று மூன்று ஏறினாலும், ஒரே பயணமாகக் கூட்டிக் கணக்கிடுவார்கள். ஒன்றிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏற வேண்டும், மொத்தமும் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 5 மாற்றங்கள். அதற்கு முன்பெல்லாம் மாறினால் கூடுதல் செலவு என்பதால், நேராகப் போகும் பேருந்துக்காக நெடுநேரம் காத்திருப்பார்களாம்.

பேருந்தில் இறங்கும்போது பயண அட்டையைக் கருவியில் தட்ட மறக்காதீர்கள். மறந்தால் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கட்டணம் பிடிப்பார்கள். புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது தண்டம் கட்டியிருப்பார்கள். நான் மூன்று முறை.

"காலைல ட்ரெயின்ல கூட்டம் நசுக்குதுண்ணா. கார் வேண்டாம்னு எல்லாரையும் ட்ரெயினுக்குத் தள்ளிட்டா இப்படித்தானே?"

நியாயமான கேள்வி. கூட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதை நேரத்தால் பிரிக்கப் பார்த்தார்கள். 2013 ஜூனிலிருந்து, வேலை நாட்களில் காலை 7.45க்கு முன் நகர மையத்தின் குறிப்பிட்ட நிலையங்களில் வெளியேறினால் பயணமே இலவசம். 2017 முடிவில் அதை மாற்றி, எந்த நிலையமானாலும் 7.45க்கு முன் உள்ளே நுழைந்தால் 50 காசு வரை தள்ளுபடி என்று வைத்தார்கள். இலவசம் போய்விட்டதே என்று சிலர் முணுமுணுத்தார்கள், ஆனால் பலன் பெறுவோர் கூடினார்கள். எட்டு மணிக்குப் போக வேண்டியவன் அரை மணி முன்னால் கிளம்பப் போதுமான காசா என்றால், எனக்குச் சந்தேகம்தான். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கிளம்புகிறவருக்கு இந்தத் தள்ளுபடியால் ஒன்றும் இல்லை.

"பஸ்ஸும் அதே ரோட்டுலதான போகுது? அதுவும் மாட்டிக்காதா?"

பேருந்துக்கென்று தனித்தடம் 1974லிருந்தே உண்டு. மஞ்சள் கோட்டுத் தடம் காலையும் மாலையும் உச்ச நேரத்துக்கு. சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் நாள் முழுக்க. கார் நுழைந்தால் அபராதம். பல நிறுத்தங்களில் பேருந்து புறப்படும் இடத்தில் சாலையில் ஒரு மஞ்சள் கட்டம் இருக்கும். அங்கே பின்னால் வரும் கார் நின்று பேருந்துக்கு வழிவிட்டாக வேண்டும், 2008லிருந்து இது சட்டம்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் 2016ல் வந்தது. அதற்கு முன் பேருந்து நிறுவனங்கள் டிக்கெட் வருமானத்தில் ஓடின, லாபமில்லாத தடத்தில் பேருந்தைக் கூட்ட மனம் வராது. இப்போது பேருந்துகளும் பணிமனைகளும் அரசுடையவை, கட்டணமும் அரசுக்கு. நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்து ஓட்டுகின்றன. நேரத்துக்கு ஓடினால் ஊக்கத்தொகை, தவறினால் பிடித்தம். கூட்டமில்லாத என் தெருவுக்கும் ஒழுங்காகப் பேருந்து வருகிறது என்றால் அதனால்தான்.

"சைக்கிள்ல வேலைக்குப் போறவங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள், ஆனால் குறைவு. உண்மையைச் சொன்னால், சிங்கப்பூர் சைக்கிளில் தாமதமாக விழித்துக்கொண்ட ஊர். ரயிலிலும் பேருந்திலும் காட்டிய வேகத்தை இதில் காட்டவில்லை. பூங்காக்களை இணைக்கும் பாதைகள் நிறைய உண்டு, அருமையானவை. ஆனால் அவை ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிளுக்கானவை. கடற்கரைக்குக் கொண்டுபோகும், அலுவலகத்துக்குக் கொண்டுபோகாது.

இப்போது குடியிருப்பு நகரங்களுக்குள் பாதை போடுகிறார்கள். 2020ல் 460 கிலோமீட்டராக இருந்ததை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக்குவது இலக்கு. தெம்பனிஸ் இதில் முன்னோடி. அங் மோ கியோவில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனியாக நிறம் பிரித்துப் பாதை போட்டிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். வீட்டிலிருந்து எம்ஆர்டி வரை சைக்கிள், நிலையத்தில் நிறுத்திவிட்டு ரயில் என்பதுதான் இங்கே நடைமுறையில் ஓடும் முறை. தீவைக் குறுக்கே வெட்டி மிதித்து வேலைக்குப் போகிறவர் குளியலறை உள்ள அலுவலகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நடைபாதையில சைக்கிள் ஓட்டினா ஃபைன்னு ஒருத்தன் சொல்றான், ஓட்டலாம்னு ஒருத்தன் சொல்றான். எதுதான் சரி?"

இரண்டு பேரும் பாதி சரி. 2018 மேயில் வந்த சட்டப்படி சாதாரணச் சைக்கிளை நடைபாதையில் ஓட்டலாம், 2019 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 10 கிலோமீட்டருக்குள். சைக்கிள் பாதையில் 25. ஆனால் 2025 ஜூலையிலிருந்து, பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருந்தால் அந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். தரையைப் பாருங்கள், எழுதியிருக்கும். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம்.

நின்றபடி ஓட்டும் சிறு மின்ஸ்கூட்டரின் கதை வேறு. முதலில் நடைபாதையில் அனுமதித்தார்கள். விபத்துகள் கூடின. 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி ஒரு மூதாட்டி இறந்தார். நவம்பர் 5 முதல் நடைபாதையில் அதற்குத் தடை. உணவு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் வழியில்லாமல் நின்றார்கள். தடை சரியானதுதான் என்று நினைக்கிறேன். சைக்கிள் பாதை போடுவதற்கு முன்பே வண்டியை அனுமதித்ததுதான் தவறு.

"சைக்கிளை ட்ரெயின்ல ஏத்தலாமா?"

மடக்கு சைக்கிளை ஏற்றலாம், மடக்கியபின் 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டுரியான் பழத்தை ஏற்றக் கூடாது.

"ரோட்டைக் குறுக்கிட்டு நடைபாதையைப் பெருசாக்கினா ட்ராஃபிக் ஜாம் ஆயிடாதா?"

பென்கூலன் தெருவில் செய்து பார்த்தார்கள். டவுன்டவுன் ரயில் பாதை வேலைக்காகச் சில வருடங்கள் அந்தத் தெருவைக் குறுக்கித்தான் வைத்திருந்தார்கள். அதிலேயே வண்டிகள் சமாளித்துப் போய்வந்தன. வேலை முடிந்ததும் பழைய நான்கு தடங்களையும் திருப்பித் தரவில்லை. 2017ல் திறந்தபோது இரண்டு தடம்தான், அதிலும் ஒன்று பேருந்துக்கு. மிச்ச இடத்தில் அகலமான நடைபாதை, சைக்கிள் பாதை, இருக்கைகள்.

பெரிய உதாரணமும் இருக்கிறது. வடக்கிலிருந்து நகர மையத்துக்கு 21.5 கிலோமீட்டருக்கு ஒரு விரைவுச்சாலை என்று 2008ல் அறிவித்தார்கள். அது கார்களுக்கான சாலை. 2016ல் திட்டத்தைத் திருத்தி, பேருந்துத் தடத்தையும் சைக்கிள் பாதையையும் அதில் சேர்த்தார்கள்.

"இதெல்லாம் பணக்காரனுக்குச் சாதகம்தானே? அவன் காசைக் கட்டிட்டு காலி ரோட்டுல ஜாலியா போவான்."

ஆமாம், அந்தக் குறை இருக்கிறது. ஏலத்தில் காசு உள்ளவன் ஜெயிப்பான். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கும், படுத்த படுக்கையாக உள்ள அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவருக்கும் கார் ஆடம்பரமில்லை. அவர்களுக்குத் தனிச் சீட்டு ஒதுக்கலாமே என்ற பேச்சு இங்கே அடிக்கடி எழும், தேவையை அளப்பது எப்படி என்ற இடத்தில் நின்றுவிடும்.

எனக்குப் படுவது இது: கார் இல்லாதவரின் நாள் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். கூரையும் பேருந்தும் மின்தூக்கியும் இல்லாமல் சிஓஇ மட்டும் இருந்திருந்தால் இது வெறும் கொள்ளை. இன்னொன்று, முதியோர், மாணவர், குறைந்த வருமானத்தார் ஆகியோருக்கான சலுகைக் கட்டணங்கள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதிச் சீட்டில் கட்டுமான வேலைக்கு வந்தவர், சம்பளம் எவ்வளவு குறைவானாலும், முழுக் கட்டணம் கொடுத்துத்தான் போக வேண்டும்.

"அண்ணே, எங்களை மட்டும் ஏன் லாரில ஏத்திட்டுப் போறாங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் கேட்டது. சட்டம் அனுமதிப்பதால். சரக்கு லாரியின் பின்புறம் தொழிலாளர்களை வேலைக்கு ஏற்றிச் செல்லலாம். மேலே கூரையும் பக்கத்தில் தடுப்புக் கம்பியும் இருக்க வேண்டும். இருக்கை வார் கிடையாது. 2023ல் இதைத் தடை செய்யச் சொல்லிப் பல அமைப்புகள் சேர்ந்து கேட்டன. சிறு நிறுவனங்களால் தாங்க முடியாது, போதிய பேருந்துகளும் ஓட்டுநர்களும் இல்லை என்று காரணம் சொல்லி அரசு மறுத்துவிட்டது. நகரத்தின் ரயில் சுரங்கங்களைத் தோண்டுகிறவர்கள் ரயிலில் வராத ஊர் இது. மேலே நான் புகழ்ந்த எல்லாவற்றோடும் சேர்த்து இதையும் படித்துக்கொள்ளுங்கள்.

"நம்ம சென்னையில இப்படிக் கட்டணம் போட முடியுமா? முதல்ல மெட்ரோ முழுசா வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

பலரும் நினைப்பது இதுதான், ஆனால் சிங்கப்பூர் போன வரிசை வேறு. முதல் எம்ஆர்டி ஓடியது 1987 நவம்பரில், வெறும் 5 நிலையங்களுக்கு இடையில். நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வந்தது 1975 ஜூன் 2. பன்னிரண்டு வருட இடைவெளி. அப்போது இருந்தது பேருந்து மட்டுமே, அதுவும் இன்றைய பேருந்து அல்ல.

முறையும் எளிமையானது. காலை 7.30 முதல் நுழைய ஒரு காகிதச் சீட்டு, நாளுக்கு 3 வெள்ளி, கண்ணாடியில் ஒட்ட வேண்டும். காவலர்கள் நின்று பார்ப்பார்கள். நான்கு பேர் சேர்ந்து வரும் கார் இலவசம். கட்டண நேரத்தில் வரும் வண்டிகள் சுமார் 44 சதவீதம் குறைந்தன. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? 9.30க்குக் கட்டணம் முடிந்ததும் மொத்தமாகப் புகுந்தார்கள். சில வாரங்களில் நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். காரை வெளியே நிறுத்திவிட்டுச் சிறு பேருந்தில் உள்ளே போகட்டும் என்று ஓரத்தில் பெரிய நிறுத்துமிடங்கள் கட்டினார்கள், அவை ஈயாடின. காரில் ஏறி உட்கார்ந்தவன் பாதி வழியில் இறங்கமாட்டான், வீட்டிலிருந்தே பேருந்தில் வருவான் என்று அப்போதுதான் புரிந்தது.

"சரி, அடுத்த மாசம் நாங்க வரோம். ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துட்டு வருவியா?"

எம்ஆர்டியில் வருவேன் மாமா. சாங்கி விமான நிலையத்துக்கு உள்ளேயே 2002லிருந்து நிலையம் இருக்கிறது, தானா மேராவில் ஒரு மாற்றம். அத்தை ஊறுகாய் ஜாடிகளோடு நான்கு பெட்டி கொண்டுவந்தால் மட்டும் டாக்ஸி.